மறைக்கத் தெரியாத லியாங் அண்ணை

லியாங் அண்ணை இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது. அது வந்து சேர்ந்தபோது அவரை எரித்து, சாம்பலையும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். நெஞ்சைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை முடிந்து, ரொறொன்ரோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டில் நான் சாய்கதிரையில் கிடந்தேன். காலையில் கஞ்சி கொண்டுவந்த என் மனைவி யோகா கோப்பையைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் யோகா வேலை நேரத்தில் எதிரே உட்கார்ந்து நல்லதாக எதுவும் நடந்ததில்லை.

"லியாங் அண்ணை போயிட்டாரப்பா," என்றார்.

"எப்ப?"

"உங்களுக்கு ஒப்பரேசன் நடந்த கிழமை. உங்களுக்கு அந்த நேரம் சொன்னால் தாங்காது எண்டு நானும் பிள்ளையளும் யோசிச்சுப்போட்டு விட்டிட்டம். அவற்ற மகளிட்டையும் சொல்லி வச்சனான், இவருக்குப் போன் எடுக்க வேண்டாம் எண்டு."

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆற்ற சாவை வேணுமெண்டாலும் ஒளிச்சிருக்கலாம். அந்த மனுசன்ர சாவை ஒளிக்கலாமோ?" என்றேன். யோகாவுக்கும் லியாங் அண்ணையைத் தெரியும். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதும் தெரியும். கஞ்சி ஆறிப்போனது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

ஸ்காபரோவில் அந்தப் பெயின்ற் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சீனாவின் செங்டு நகரத்தவர். சீனா நீண்ட காலம் பூட்டி வைத்திருந்த கதவைத் திறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்பத் தொடங்கிய காலத்தில், முதல் முதலாகப் போனவர்களில் ஒருவர். இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறகு ரொறொன்ரோவுக்கு வந்து, எங்கள் தொழிற்சாலையின் நிறம் பார்க்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் நான் படித்த இரசாயனத்தை மதித்து, பெயின்ற் கலக்கும் தளத்திலிருந்து என்னைத் தன் அறைக்கு எடுத்தவரும் அவர்தான்.

அண்ணை என்ற பெயர் அவருக்கு வந்தது தளத்தில். அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அது எல்லோருக்கும் பொதுவான பதவி என்று அவர் நினைத்திருந்தார். ஒருநாள் அர்த்தம் கேட்டார். மூத்த சகோதரன் என்றேன். "என் வீட்டில் நான் கடைசிப் பிள்ளை. என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. நீங்கள் கூப்பிடுங்கள்," என்றார். அன்றிலிருந்து கூப்பிட்டால் "ஓம்" என்று திரும்பிப் பார்ப்பார். அந்த ஓமில் ஒரு சீன இழுவை இருக்கும். யோகாவின் நண்டுக் குழம்பை வியர்வை வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, தன் ஊர் மிளகாய்க்கு இது தங்கச்சிதான் என்று சண்டைக்கு வருவார்.

அவருக்கு ஒரு விடயம் மட்டும் வராது. கெட்ட செய்தியை ஒரு மணித்தியாலம்கூடக் கையில் வைத்திருக்கத் தெரியாது. ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் கதவுகளுக்கு அடிக்கக் கலந்த பச்சை, கேட்ட பச்சையைவிட ஒரு இழை மஞ்சளாகிவிட்டது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, அனுப்பிவிடலாம் என்றார் மேற்பார்வையாளர். லியாங் அண்ணை மாதிரியை யன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார், போனை எடுத்தார், வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். அதற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "இப்போது சொன்னால் ஒரு கெட்ட செய்தி. பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் இரண்டு," என்றார் என்னிடம். இந்த மனிதர் உத்தியோகத்தில் மேலே போகமாட்டார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. போகவும் இல்லை.

இனி என் அம்மாவின் கதை. அப்போது நான் பார்க்டேலில் அக்கா வீட்டில் இருந்தேன். அகதி விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரத்தின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனா. செய்தி அத்தானுக்கு வந்தது. விசாரணை முடியும்வரை எனக்குத் தெரியக்கூடாது என்று அத்தான் முடிவெடுத்தார். கேள்விக்குப் பதில் சொல்லும்போது நான் குழம்பிவிட்டால் கேஸ் போய்விடும் என்ற பயம். அவர் பயப்பட்டதில் பிழையில்லை. அக்கா என் முன்னால் அழாமல் இருக்க முடியாதென்று, சிநேகிதிக்குக் காய்ச்சல் என்று சொல்லி வோபர்னுக்குப் போய்விட்டா. சொந்தத் தாய்க்கு அழுவதற்கு அக்கா பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது.

வேலைத்தலத்துக்கு யாராவது போன் எடுத்து என்னிடம் உளறிவிடுவார்கள் என்று அத்தான் அங்கேயும் அணை கட்டப் பார்த்தார். நிறம் பார்க்கும் அறைக்கு எடுத்து, லியாங் அண்ணையிடம் விடயத்தைச் சொல்லி, எனக்கு வரும் போன்களை விசாரணை நடக்கும் வெள்ளிக்கிழமை வரை தரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வேறு யாரிடமும் கேட்டிருக்கலாம். லியாங் அண்ணை போனை வைத்தார். கலக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். அறைக் கதவைச் சாத்தினார்.

"உன் அம்மா இறந்துவிட்டார்," என்றார். "உன் அத்தான் சொல்ல வேண்டாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்தச் செய்தி உன்னுடையது. என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை."

பிறகு என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அழுது முடியும்வரை இருந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் எழும்பவில்லை. பின்னேரம் என்னோடு பஸ்ஸில் பார்க்டேல் வரை வந்தார். நான் தலை முழுகினேன். அக்காவைக் கூப்பிட்டு, அவ வந்த பிறகு இருவரும் அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றினோம். அத்தான் ஒரு மூலையில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார். "உவன் ஆர் எங்கட வீட்டு விசயத்துக்குள்ள? கேஸ் தோத்தால் உவனே வந்து காப்பாத்தப்போறான்?" என்று என்னிடம் கேட்டார். லியாங் அண்ணை அந்தத் தமிழ் புரியாதவர் போலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உவன் யார் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

விசாரணையன்று சவரம் செய்யாத முகத்தோடு போனேன். சத்தியம் செய்து உட்கார்ந்த பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். தாய் எங்கே இருக்கிறார் என்றார்கள். இந்த வாரம் இறந்துவிட்டா என்றேன். எனக்குத் தெரியாமலிருந்தால், இறந்த தாயை உயிரோடு இருப்பதாகச் சத்தியத்தின் மேல் சொல்லியிருப்பேன். அத்தான் எல்லாவற்றையும் யோசித்தவர் இதை மட்டும் யோசிக்கவில்லை. என்னை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்தபோது லியாங் அண்ணை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு லீவு போட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வாங்கில்தான் தன் கதையை எனக்குச் சொன்னார்.

சீன மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது எல்லோருக்கும் ஒரே கடையில் ஒரே துணியில் கோட்டும் காற்சட்டையும் தைத்துக் கொடுத்தார்களாம். அமெரிக்க விமானநிலையத்தில் இறங்கியபோது, எந்த பாண்ட் வாத்தியக் குழு என்று ஒரு கிழவி கேட்டாளாம். மாணவர் என்ற பெயரே தவிர, அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பித்த பேராசிரியர் அவரைவிட இளையவர். மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிப்போக அனுமதியில்லை. அவர்கள் செங்டுவில் அவருடைய தகப்பனோடும் அக்காவோடும் இருந்தார்கள். பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில், பழைய மரவீடு ஒன்றில் சீன மாணவர்கள் ஒன்றாக இருந்து, முறை வைத்துச் சமைத்தார்கள். "எங்களுக்கு முன்னால் யாரும் வந்ததில்லை. எதை யாரிடம் கேட்பது என்று சொல்லித்தர ஆளில்லை. அதனால் ஒருவரை ஒருவர் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டோம்," என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வயதில் மூத்த ஒருவரைத் தலைவராக வைத்திருந்தார்கள். ஊரில் யாருக்காவது கெட்டது நடந்தால், வீட்டார் அதை மாணவனுக்கு எழுதமாட்டார்கள். தலைவருக்கு எழுதுவார்கள். படிப்பு குழம்பக்கூடாது. நாடே காத்திருந்து அனுப்பிய படிப்பு. எப்போது சொல்வது என்று தலைவர் பார்த்துக்கொள்வார். ஊரிலிருந்து கடிதம் வரக் கிழமைகள் ஆகும், வீட்டில் தொலைபேசி கிடையாது. ஆகவே மறைப்பது சுலபம்.

ஒரு குளிர்காலத்தில் அந்த வீட்டில் எல்லோரும் அவரிடம் திடீரென்று அன்பாகிவிட்டார்கள். அவருடைய சமையல் முறையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீன் வாங்கினால் தலைப்பகுதி அவருடைய தட்டுக்கு வந்தது. வழக்கமாகச் சண்டை பிடிக்கும் ஒருவன் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தான். தன்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று இவர் சந்தோசப்பட்டார். வீட்டார் பேசிப் பதிந்து அனுப்பும் ஒலிநாடாக்களில் மட்டும் தகப்பனின் குரல் வரவில்லை. பல் பிடுங்கியிருக்கிறார் என்றார்கள். அடுத்த நாடாவில், நித்திரை என்றார்கள். இவர் தகப்பனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் செங்டுவிலிருந்து ஒரு புது மாணவன் வந்தான். அவனைக் கூட்டிவர இவர் பஸ் நிலையத்துக்குப் போனார். அவனுடைய பெட்டியைக் கையில் வாங்கினார். அவன் முறைப்படி தலை குனிந்து, உங்கள் தகப்பனாரின் மறைவுக்கு வருந்துகிறேன் என்றான். அந்த வீட்டின் வழக்கத்தை அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல், வீடு வரை நடந்தாராம். கதவைத் திறந்ததும் அவருடைய முகத்தைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்களாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாதக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

"கோபிக்கலாம் என்று பார்த்தேன்," என்றார் என்னிடம். "அக்கா அன்பானவள். தலைவர் அன்பானவர். சட்டை தந்தவன் அன்பானவன். கோபிப்பதற்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. என் தகப்பனுக்கு அழ வேண்டிய நாட்களில் நான் மீன்தலை சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களை யார் எனக்குத் திருப்பித் தருவது?" அவர் அழவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

இப்படிப்பட்ட மனிதருடைய மரணத்தைத்தான் என் வீட்டில் என்னிடம் மறைத்தார்கள். நான் சில நாட்களாக யோகாவோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் லியாங் அண்ணையின் மகள் மேய் என்னைப் பார்க்க வந்தாள். மார்க்கம் நகரத்தில் மருந்தாளராக இருக்கிறாள். ஐம்பது வயதாகிறது, இன்னும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "என்னை மன்னியுங்கள், அங்கிள். அன்ரி கேட்டார், நானும் சரி என்றேன்," என்றாள். அப்பா கடைசியில் நோவில்லாமல் போனார் என்றாள். எரிக்கும் இடத்துக்கு எங்கள் பழைய ஆட்கள் சிலர் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணை அண்ணை என்று அழுததாகவும், தன் உறவினர்கள் அது யாருடைய பெயர் என்று கேட்டதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. எழுந்து குசினிக்குள் போய்ச் சீனத்தில் பேசினாள். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் வலிந்து வரவழைத்த உற்சாகத்துக்கு மொழி தேவையில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பேசும் அதே குரல். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமிதான். அப்பாவின் அக்கா. தொண்ணூறு வயதாகப் போகிறது. மச்சான்மார் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். அப்பாவுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை, பேச முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்."

அது அவர்களுடைய குடும்பம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அமெரிக்காவில் உன் அப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னைவிட யாருக்குத் தெரியும், அங்கிள்?" என்றாள். "அப்பப்பா நித்திரை என்று ஒலிநாடாவில் சொன்னது நான்தான். எனக்கு ஏழு வயது. மாமி சொல்லித்தந்தா. முதல் தரம் அழுகைக் குரல் வந்துவிட்டது என்று அழித்துவிட்டு, திரும்பவும் சொல்ல வைத்தா. சரியாகச் சொன்னதற்குப் பால் இனிப்பு தந்தா. அப்பா அதைப்பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு சொல்லிவிட நினைத்தேன். இந்த நேரத்தில் அவருக்கு எதற்கு அந்த ஞாபகம் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆம் என்று ஒரு பொய் சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது. அவருடைய மகளிடம் அது வாயில் வரவில்லை. "இல்லை, பிள்ளை. உன்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரோ நித்திரை என்று சொன்னதாக மட்டும் சொன்னார்," என்றேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் கதிரையை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குக் காலையில் வருகிறேன். மாமிக்கு அப்போது இரவு. நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா?" என்றாள்.

வந்தாள். சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்தி வைத்தாள். திரையில் அந்த அக்கா வந்தா. கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, தம்பியின் அதே அகன்ற நெற்றி. மேய் சில வசனங்கள்தான் பேசினாள். பக்கத்தில் நின்ற யாரோ பதறிப்போய்ப் போனைப் பறிக்கக் கையை நீட்டினார்கள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டா. நீண்ட நேரம் மேயையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாக ஏதோ கேட்டா. மேய் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியென்றால் இனி நான் அழலாமா என்று கேட்கிறா, அங்கிள்."

அவவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. தம்பியின் அழைப்பு நின்ற நாளிலேயே தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் தனக்காக முகத்தை மலர்த்திக்கொண்டு திரிந்ததால், அவர்களுக்காகத் தானும் முகத்தை மலர்த்திக்கொண்டு இருந்திருக்கிறா. மேய் தலையாட்டினாள். அந்த அக்கா வாய்விட்டு அழுதா. சத்தம் கேட்டு யோகா குசினியிலிருந்து ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் மேயைப் பிடித்துக்கொண்டு தானும் அழத் தொடங்கினார். இருமும்போதும் அழும்போதும் தையல் நோகாமலிருக்க நெஞ்சில் தலையணையை அழுத்திப் பிடிக்கும்படி எனக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

லியாங் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கத்தைத்தான். அடுத்தவருக்குரிய செய்தி என் கைக்கு வந்தால், அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதைவிடப் பெரியது, சேர்த்த பிறகு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அவர் உண்மையை முகத்துக்கு நேரே சொல்கிறவர் என்பதைத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். சொன்ன பிறகு அவர் நிலத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான்.

எங்களோடு வேலை செய்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டவர்கள் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. உங்கள் நெஞ்சையும் பிரஷரையும் நினைத்து வீட்டில் யாராவது சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால் நான் சொல்கிறேன். லியாங் அண்ணை இறந்துவிட்டார். பக்கத்தில் ஆளில்லாதவர்கள் எனக்கு எடுங்கள். நீங்கள் அழுது முடியும்வரை நான் போனை வைக்கமாட்டேன்.